இடையில் ஓர் எழுத்து

எங்கள் அலுவலகத்தில் அவருக்குச் சந்தியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. யாராவது ‘படித்து பார்த்தேன்’ என்று எழுதிவிட்டால் நடுவில் ஒரு ‘ப்’ போடும் வரை அவருக்குச் சோறு இறங்காது. கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்த ‘கதவை தட்டவும்’ என்ற தாளில்கூடப் பேனாவால் ஒரு ‘த்’ சொருகி வைத்திருந்தார். சந்தி பார்க்கிற அக்கா, அதனால் சந்தியக்கா. பெயர் வைத்தவள் நான்தான். பதிலுக்கு அவர் எனக்கு வைத்தது வாயாடி. நாள் முழுக்கத் தொலைபேசி மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது, நானும் சண்டைக்குப் போகவில்லை.

கீழே டயர் கடை, மாடியில் இரண்டு அறை, அதுதான் அலுவலகம். காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினோம். ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். படம், வயது, உயரம், மச்சம், கடைசியாகப் போட்டிருந்த சட்டை. அடியில் ஒரு பெட்டி: ‘இவரைப் பற்றித் தெரிந்தால் எழுதுங்கள்.’ அந்தப் பக்கங்களை ஏற்றுவதும் பார்த்துக்கொள்வதும் சந்தியக்காவின் வேலை. அதற்கு முன் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அதை மூடியதும் இங்கே வந்தார். கணவர் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தார். பிள்ளைகள் இல்லை. பேருந்தில் போகும்போது அடுத்தவர்களின் புருவத்தையும் காது மடலையும் உற்றுப் பார்ப்பார், தழும்பு இருக்கிறதா என்று. ‘என்னம்மா, மூஞ்சில என்ன எழுதி ஒட்டியிருக்கு?’ என்று ஓர் ஆள் சத்தம் போட்டதும் உண்டு. “எழுதித்தான் ஒட்டியிருக்கு, நமக்குப் படிக்கத் தெரியல” என்று என்னிடம் வந்து சொன்னார்.

எங்கள் தளத்துக்கு இடம் கொடுத்திருந்த பெரிய நிறுவனம் ஒரு நாள் சுற்றறிக்கை அனுப்பியது. இனி எல்லாப் பக்கங்களும் புதிய, கண்டிப்பான முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும், சோதனையில் தேறாத பக்கம் தூக்கப்படும் என்றது. எனக்கு அது சாமிக்கும் புரியாத விஷயம். சந்தியக்காதான் விளக்கினார். பழைய முறை ரொம்பத் தாராளம். ஒரு பத்தியைத் திறந்துவிட்டு மூடாமல் போனாலும் திரையில் எப்படியோ சமாளித்துக் காட்டிவிடும். புதிய முறையில் அந்தச் செல்லமெல்லாம் கிடையாது. திறந்ததை மூட வேண்டும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். எழுத்தின் நிறம், வடிவம் போன்ற அலங்காரங்கள் பக்கத்துக்குள் வரவே கூடாது, அவற்றுக்குத் தனிக் கோப்பு. தேறினால் பச்சை டிக், தேறாவிட்டால் சிவப்பில் பெருக்கல் குறி.

“எனக்குன்னே செஞ்ச வேலை மாதிரி இருக்குடி” என்றார். மனுஷிக்கு அப்படி ஒரு சந்தோஷம். மூடாமல் கிடந்த பத்திகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தார். ஆனால் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன, கெடு நெருங்கிவிட்டது. எல்லாவற்றிலும் ‘இதை இந்த எழுத்துருவில் காட்டு’ என்ற குறிச்சொல் வரிக்கு வரி கிடந்தது. புதிய முறைப்படி அது அலங்காரம். அதை எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே மூச்சில் நீக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதினார். எங்கள் அலுவலகம் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரைத் தனிக் கோப்பில் பொதுவாகக் கொடுத்தார். மாதிரிக்குச் சில பக்கங்களைத் திறந்து பார்த்தோம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. சோதனையில் பச்சை, பச்சை, பச்சை. மேலாளர் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். “பழசு கிடந்தா குழப்பம், இடமும் இல்ல, எடுத்துடுங்கம்மா” என்றார். சந்தியக்கா பழைய பக்கங்களை அழித்தார்.

மறுநாள் தொலைபேசியில் ஓர் அம்மாள். “ஏங்க, என் தங்கச்சி பக்கத்துல எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா இருக்கு” என்றார். உங்கள் கணினியில் கோளாறு என்று சொல்லி வைத்தேன். அடுத்த அழைப்பும் பூச்சி. அதற்கடுத்ததும் பூச்சி. திரும்பிப் பார்த்தால் சந்தியக்கா நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் மேலே தமிழ் முகமூடி மாட்டித்தான் திரையில் காட்டினார்கள். அந்த முகமூடிதான் எழுத்துரு. ஆளாளுக்கு ஒன்று செய்தார்கள், ஒன்றில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொன்றில் ‘ம’ இருக்கும். நாங்கள் ஏற்றிய பக்கங்களுக்கு எங்கள் முகமூடி சரியாகப் பொருந்தியது. குடும்பங்களும் மற்றவர்களும் அவரவர் கணினியிலிருந்து எழுதி அனுப்பியவைதான் பூச்சியாகிவிட்டன. எதற்கு எந்த முகமூடி என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் குறிச்சொல் ஒன்றுதான். ஆங்கிலக்காரனுக்கு அது அலங்காரம். எங்களுக்கு அதுதான் அகராதி. அதை அவரே தன் கையால் துடைத்து எடுத்திருந்தார்.

“பதினாறு வருஷமா எழுத்தோட குடித்தனம் நடத்துறேன். எனக்கே தோணலயேடி” என்று மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். எங்கள் மானம் சந்தி சிரித்தது. வேறு சமயமாக இருந்தால் அந்தச் சொல்லை வைத்தே அவரைக் கிண்டல் செய்திருப்பேன். அன்று ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

பிறகு ஆரம்பித்தது மீட்பு வேலை. கிடைத்த எழுத்துருக்களை எல்லாம் சேகரித்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு முகமூடியாக மாட்டிப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் உளறல், பொருந்தினால் ஒரு தாயோ தம்பியோ பேச ஆரம்பித்துவிடுவார்கள். பேச ஆரம்பித்ததை ஒருங்குறிக்கு மாற்றினார். உலகத்துக்கெல்லாம் பொதுவான அந்த முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் நிலையான ஓர் எண் உண்டு, முகமூடி வேண்டாம். இனி இந்தக் கூத்து நடக்கவே கூடாது என்று, ஒருங்குறி தவிர எதையும் ஏற்காத புதிய பெட்டியையும் எல்லாப் பக்கங்களிலும் வைத்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பிய நாட்கள் உண்டு. தொலைபேசியில் நான் வாங்கிய வசவுகளை அவரிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அப்படி ஒரு நாள்தான் கண்ணாடிக் கடைக்காரர் கூப்பிட்டார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவர். அவர் மகன் வேலை தேடி வெளியூர் போனவன். கொஞ்ச நாள் பேசினான், பிறகு பேச்சில்லை, ஆளுமில்லை. பக்கம் ஏற்றிப் பல வருஷமாகியும் அடியில் ஒரு வரிகூட வந்ததில்லை.

“அம்மா, என் பையன் பக்கத்துல புதுசா ஏதோ வந்திருக்கு. ஒண்ணும் புரியல. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?” குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை.

சந்தியக்கா பக்கத்தைத் திறந்தார். மாற்றல் நடந்த வாரத்தில் வந்த செய்தி அது. அனுப்பியவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. வருகிற செய்திகளைப் படித்துப் பார்த்து அனுமதிப்பதும் அவர் வேலைதான். அந்த வாரம் இருந்த அவசரத்தில் வரிசையில் நின்ற எல்லாவற்றுக்கும் ஒரே அழுத்தாக அனுமதி கொடுத்திருந்தார். அப்போது அந்த வரிகள் நல்ல தமிழில் அவர் கண்முன் இருந்தன. படிக்கவில்லை.

இரண்டு மணி நேரத்தில் செய்தி வாயைத் திறந்துவிட்டது. ‘ஐயா, உங்கள் மகனை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில்தான்...’ நான் சந்தோஷத்தில் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் அசையவில்லை.

“இதுக்கு ரெண்டு எழுத்துரு பொருந்துதுடி” என்றார்.

இரண்டும் உடன்பிறப்புகள். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்திருக்கிறார்கள். அவர் அவற்றுக்கு அக்கா, தங்கச்சி என்றே பெயர் வைத்திருந்தார். ஏறக்குறைய எல்லா எழுத்தும் ஒரே இடத்தில்தான். தொப்பி போட்ட ஆங்கில ஓ ஒன்று உண்டு, அங்கேதான் வம்பு. அக்காவில் அந்த இடத்தில் ‘ரு’. தங்கச்சியில் அதே இடத்தில் ‘ற’. நீளமான செய்தி என்றால் கவலை இல்லை, நாலு சொல் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இதுவோ மிகச் சின்னது. தொப்பிக்காரன் ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தான்.

அவர் தாளில் எழுதிக் காட்டினார். ‘ஐயா, உங்கள் மகனை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில்தான் இ—ந்தான். நல்ல பிள்ளை. மீண்டும் எழுத முயல்வேன்.’

அக்கா என்றால் இருந்தான். தங்கச்சி என்றால் இறந்தான்.

நான் தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “அக்கா, இன்னொரு தடவ பாருங்க, வேற எங்கயாவது அந்த எழுத்து வந்திருக்கும்.” அவர் பார்த்தார். நானும் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பார்த்தேன். ‘தெரியும்’ என்பதில் ‘ரி’ இருந்தது, ‘ரு’ இல்லை. எழுத, முயல்வேன், பிள்ளை, எதிலும் இல்லை. எழுதினவர் வேண்டுமென்றே ஒளித்து வைத்தாலும் இப்படி அமையாது. சந்தியக்கா கண்ணை மூடிக்கொண்டு, அனுமதி கொடுத்த அந்தத் திரை நினைவுக்கு வருகிறதா என்று பார்த்தார். “கலர் ஞாபகம் இருக்கு, பட்டன் ஞாபகம் இருக்கு. எழுத்து வரமாட்டேங்குது” என்றார். அவர் கணவர்கூட, வீட்டில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டு இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி முணுமுணுக்கிறாள் என்று எனக்கு ஃபோன் பண்ணிக் கவலைப்பட்டார்.

ஒளிக்க முடியாது என்று கடைசியில் பெற்றவர்களை வரச் சொன்னோம். கண்ணாடிக் கடைக்காரரின் கைகளில் பொடிப்பொடியாக வெட்டுத் தழும்புகள். அவர் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தியக்கா எல்லாவற்றையும் சொன்னார். தான் செய்தது உட்பட, ஒன்றையும் விடாமல். அவர்கள் திட்டுவார்கள் என்று நான் காத்திருந்தேன். இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்கள் வீட்டில்தான்னு அழுத்திச் சொல்றாங்களே. இருந்தான்னாதானே அது சரியா வரும்?” என்றார் அவர். அடுத்த நிமிடமே, “இல்ல, அதுக்கும் வருமோ?” என்று மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். “பெத்தவங்களுக்கு எழுதறப்போ யாராவது இறந்தான்னு எழுதுவாங்களா?” என்று நிதானமாகக் கேட்டார். “தவறிட்டான்னு எழுதுவாங்க. போயிட்டான், கண்ண மூடிட்டான்னு எழுதுவாங்க. மொட்டையா அந்த வார்த்தைய எந்த வாய் சொல்லும்? எதிரிகூடச் சொல்லமாட்டான். இவங்க நல்ல பிள்ளைன்னு சொல்றாங்க. இது இருந்தான்தான்.”

எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது. எவ்வளவு சரியான பேச்சு! நம் பேச்சில் சாவுக்கு எத்தனை போர்வை இருக்கிறது, அத்தனையையும் உருவிப் போட்டுவிட்டு யார் எழுதுவார்கள்? சந்தியக்கா முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. “அம்மா, நீங்க சொல்றது இலக்கணம் இல்ல, அதைவிடப் பெரிசு” என்று சொல்லி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் முன்னாலேயே ‘ரு’வைத் தட்டினார். சோதனைக் கருவி பச்சை காட்டியது. ‘ற’ போட்டிருந்தாலும் அதே பச்சைதான் காட்டியிருக்கும்.

கண்ணாடிக் கடைக்காரர் அதற்குப் பிறகு தினமும் காலையில் கூப்பிட்டார். “ஏதாவது வந்திச்சாம்மா? வரும், மறுபடி எழுதறேன்னு சொல்லியிருக்காங்கல்ல.” மகனுடைய அறை ஜன்னலில் ரொம்ப நாளாக அட்டை அடைத்து வைத்திருந்ததாகவும், அதை எடுத்துவிட்டு நல்ல கண்ணாடி போட்டதாகவும் ஒரு நாள் சொன்னார். “ஊருக்கெல்லாம் போட்டேன், என் வீட்டுக்குப் போடல பாருங்க” என்று சிரித்தார். சிரிப்பைக் கேட்க எனக்கும் இதமாகத்தான் இருந்தது.

வாரங்கள் போயின. ஒன்றும் வரவில்லை. ஒரு மத்தியானம் சந்தியக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார்.

“வாயாடி, அந்த ஆள் மறுபடி எழுதினா எதுல எழுதுவான்?”

“போன தடவ எழுதினதுலதான்.”

“புதுப் பெட்டி அத வாங்காதேடி. ஒருங்குறி இல்லன்னு திருப்பி அனுப்பிடும். நான்தானே அப்படி வச்சேன்.”

திருப்பி அனுப்பியவை எங்கும் சேமிக்கப்படவில்லை. அந்த மனிதர் ஒருமுறை முயன்றாரோ, பலமுறை முயன்று சலித்துப் போனாரோ, தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஒரு தப்பு திரும்ப நடக்கக் கூடாது என்று போட்ட தாழ்ப்பாள் நேராக அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் விழுந்திருந்தது. சந்தியக்கா மேலாளர் அறைக்குள் போனார். சத்தம் வெளியே கேட்டது. அவ்வளவு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. “விதி என்னத்துக்கு சார்? யாருக்கு சார்? ஒரே ஒரு பக்கம்!” என்று கத்தினார். மேலாளரும் கல் நெஞ்சுக்காரர் இல்லை. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் வடிகட்டியை நிறுத்தச் சம்மதித்தார். பழைய பெட்டியில் எழுதுபவர் தன் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க இருந்த பட்டியலைத் திரும்ப வைக்க, இடம் கொடுத்த நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு வழியில்லை. எது வந்தாலும் அப்படியே வாங்கிக்கொள்ளும் வெறும் பெட்டியாக அது ஆனது. மேலே, ‘முன்பு எழுதியவர் தயவுசெய்து மீண்டும் எழுதவும், எந்த எழுத்துருவிலும் எழுதலாம்’ என்று ஒரு வரி சேர்த்தார்.

அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மற்ற வேலைகளைச் செய்தார். பச்சைப் பக்கங்கள் மேல் அவருக்கிருந்த ஆசையெல்லாம் போய்விட்டது. நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். என் மனம் நோகக் கூடாதே என்று சிரிப்பார்.

ஒரு காலையில் நான் படியேறி வந்தபோது அவர் திரை முழுக்கப் பூச்சி எழுத்து. வந்துவிட்டது. நான் ஓடிப்போய் நின்றேன். முகமூடி மாட்டக்கூட அவர் காத்திருக்கவில்லை, இத்தனை நாளில் அந்தப் பூச்சிகளையே படிக்கக் கற்றிருந்தார். விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

“ஐயா, நான் மீண்டும் எழுது...”

விரல் நின்றுவிட்டது.

எழுதுகிறேன். அந்தச் சொல்லின் நடுவில், ‘கி’க்கும் ‘ன்’னுக்கும் இடையில், இரட்டைக் கொம்புக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஓ நின்றது. அதை ‘ரு’ என்று படித்தால் தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது.

“அக்கா, வேற யாராவது எழுதியிருக்கலாம். முழுசாப் படிங்க” என்றேன். எனக்கே என் பேச்சில் நம்பிக்கை இல்லை. அவர் படித்தார். எங்கள் வீடு என்று அதே தோரணையில் பேசுகிற அதே ஆள். அந்தப் பையனுடைய சட்டைகளையும் புத்தகங்களையும் எடுத்து வைத்திருக்கிறாராம், எங்கே அனுப்பலாம் என்று கேட்டு முகவரி கொடுத்திருந்தார். கடைசி வரி: ‘நான் தமிழைப் பள்ளிப் புத்தகத்தில் மட்டும் படித்தவன், வீட்டில் பேசியதில்லை. பிழை இருந்தால் மன்னிக்கவும்.’ அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லில் ‘ரு’ வேறொரு குறியாக, வேறொரு இடத்தில், தெளிவாக இருந்தது.

பிழை ஒன்றுமே இல்லை. புத்தகத்தில் இருக்கிற சொல்லைத்தான் அவர் எழுதியிருந்தார். போர்வைகளை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

என் மேசையில் தொலைபேசி அடித்தது. அந்த நேரத்துக்கு யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் எடுக்கப் போனேன், சந்தியக்கா முந்திக்கொண்டு ரிசீவரை எடுத்தார். எங்கள் அலுவலகத்தில் அவர் தொலைபேசியைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“வந்திருக்குங்க ஐயா” என்றார். “அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க.”

 அந்தப் பக்கத்திலிருந்து அவர் கேட்டது, பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“எழுத்து தெரிஞ்சிடுச்சாம்மா?”

“தெரிஞ்சிடுச்சுங்க.”

எந்த எழுத்து என்று அவர் கேட்கவில்லை. “சரிம்மா, கடையச் சாத்திட்டு வரேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.